அப்பா வைத்த பெயர்

உசிலம்பட்டியில் எங்கள் தெருவில் குலசாமி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். சாமி கும்பிடாத கம்யூனிஸ்டான அப்பா, ரஷ்யக் கதைப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்து எனக்குப் போக்தன் என்று பெயர் வைத்தார். “சாமிக்கு நேந்து பெத்த பிள்ளைக்குச் சாமி பேரு இல்லையே” என்று அம்மா புலம்பாத நாளில்லை. போகிற ஆபீசிலெல்லாம் அர்த்தம் கேட்டே என் உயிரை எடுப்பார்கள். போன வாரம் ஆதார் வரிசையில் நின்றபோது, பொறுக்க மாட்டாமல் செல்போனில் தேடினேன்.

ரஷ்யா பக்கத்து ஸ்லாவிய மொழிகளில் ‘கடவுள் கொடுத்தவன்’ என்று பொருளாம். அந்த நாடுகளில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்புவார்களாம்.

இருப்புக்கொள்ளவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கம்மாட்ட சொல்லிப்புடாதடா.”