தாலி இல்லாத படம்

மனைவியின் எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவினேன். தகரம்போல் படபடத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அறுபத்தெட்டு வருடமாகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு மூன்று மாதமாக இருமல். விழுப்புரத்தில் எடுத்த படத்தில் ஒரு திட்டு இருந்தது, காசநோய் என்றார்கள். நைனா நம்பவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்த கருவிதான். ஆனாலும் உடம்பைத் திறக்காமல் உள்ளே பார்க்கிறேன் என்பது அவருக்குப் பித்தலாட்டமாகவே பட்டது.

வாசலில் படத்தை வெயிலுக்குப் பிடித்தார். எலும்புகளுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கோட்டை மலை மங்கலாகத் தெரிந்தது. நான் விலா எலும்புகளை எண்ணினேன்.

"எலும்ப எண்றியே, தாலி எங்கடா?" என்று நைனா கத்தினார். "பொன்னு படத்துல தெரியும்னு கம்பவுண்டரே சொன்னான். இது உங்கம்மாவே இல்ல! எவளோட படத்தையோ மாத்திக் குடுத்துட்டானுங்க."

அம்மா குளிக்கும்போதும் தாலியைக் கழற்றாதவள். எனக்கு உயிர் வந்தது.

அம்மா இருமிக்கொண்டே வெளியே வந்தாள். "மாத்தலீங்க. கழட்டச் சொன்னாங்க. முந்தானையில முடிஞ்சிக்கினேன். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

படம் நைனாவின் கையிலிருந்து மெல்லத் தாழ்ந்தது. அதன்பின் அம்மா பதினோரு மாதம்தான் உயிரோடு இருந்தாள்.

மனைவியின் இந்தப் படத்திலும் இடது பக்கம் ஒரு திட்டு. இரண்டு முறை பார்த்துவிட்டேன், தாலியைக் காணோம்.

"இன்னா, எலும்ப எண்றீங்களா?" என்று மனைவி சிரித்தாள்.

"தாலியக் கழட்டினியா?" என்று கேட்டேன். இல்லை என்று அவள் சொல்லிவிட வேண்டும்.