முன்கூட்டியே சொன்ன சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. நோய் தீர்ந்த பிறகு எழுந்து சொன்னால் அது வெறும் நன்றிதான். தீருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டதாகச் சொன்னால்தான் அது விசுவாசம். கண்ணால் பார்த்துவிட்டு நம்புவதில் என்ன பெருமை என்று பாஸ்டர் கேட்பார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கேட்பார். அவருடைய பார்வைக்காக மட்டும் யாரும் முன்கூட்டியே சாட்சி சொன்னதில்லை.

மாரண்டஹள்ளிப் பக்கம் இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு நாங்கள் போக ஆரம்பித்தது அப்பா படுக்கையில் கிடந்தபோது. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. சபைக்காரர்கள்தான் வந்து ஜெபித்தார்கள், கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. அப்பா போனபின் அம்மாவும் நானும் ஞானஸ்நானம் எடுத்தோம். சாமியை மாற்றியும் சர்க்கரை வியாதி குறையவில்லையே என்று பெரியப்பா வீட்டில் அம்மாவைக் கிண்டல் செய்தார்கள். அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து மைக்கை வாங்கி, சர்க்கரை முழுதாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். சொன்ன சாட்சியைப் பொய்யாக்கக் கூடாதாம். சொன்னபோதே அது பொய்தானே என்று கேட்டேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

பிறகு தக்காளி பறிக்கப் போன இடத்தில் கால்விரலில் முள் ஏறியது. புண் ஆறவில்லை. பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவித் துணியால் சுற்றிக்கொண்டாள். விரல் கறுத்தது, வாடை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

“சக்கரைய நீ கண்ணுல பாத்தியா? மிசின்ல நம்பர் வந்தா நம்புற இல்ல? நான் கர்த்தர நம்புறன்,” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். மாத்திரை சாப்பிடச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்பாள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“உங்க அவிசுவாசந்தான் சிஸ்டர், அந்தப் புண்ண ஆறவிடாம தடுக்குது,” என்றார்.

காபி கொடுத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். அம்மாவின் பெண்ணும் திருந்திவிட்டாள் என்று நினைத்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

“எங்கம்மாவுக்கு சக்கர போவல. நீங்க கைதட்டினதுல மாத்திரய நிறுத்திட்டாங்க. வந்து பாருங்க.”

பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கால் துணியை அவிழ்த்தேன். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பாஸ்டர் உடனே ஒரு பாட்டை எடுத்தார், எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினேன். தருமபுரி ஆஸ்பத்திரி போகும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விரலை எடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். சபையிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, ஒரு விரலோடு விட்டதற்காக ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். என்னிடம் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நானும் கர்த்தரை நம்புகிறவள்தான். பார்க்காமல்தான் நம்புகிறேன். ஆனால் கண்ணெதிரே அழுகும் விரலைப் பார்க்காதது போல இருப்பதற்கும் விசுவாசம் என்று பெயர் வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேறியதும், மறுபடியும் அந்தச் சபைக்குத்தான் போவேன் என்றாள் அம்மா. நானே வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாசலில் நின்றேன். அவள் சாட்சி சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது. சுகம் கொடுத்தவர் கர்த்தர் ஒருவரே என்றாள். டாக்டரும் மாத்திரையும் அதில் வரவில்லை. ஆராதனை முடிந்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தவளிடம் மதிய மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. சட்டென்று வாயில் போட்டு விழுங்கினாள்.

என் அம்மாவை அப்படித் திருடியைப் போலத் திரும்பிப் பார்க்க வைத்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. மன்னிக்கும் மனதைத் தா என்று ஜெபிக்கவும் மாட்டேன்.