புரோட்டீன் என்று சொன்னால் போதும்

சென்னையில் மருத்துவர் நோயாளியைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசுகிறார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக். அப்பாவின் வலது கால் ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருக்க, மருத்துவர் அண்ணாவைப் பார்த்து, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணா பதில் சொல்லிவிட்டான். பிறகு என்னிடம், "நல்லா தூங்கறாராம்மா?" என்றார். முந்தின நாள்தான் விமானத்திலிருந்து இறங்கிய எனக்கு அது தெரியாது. இருந்தாலும் தூங்குகிறார் என்றேன். சைதாப்பேட்டை கோர்ட்டில் நாற்பது வருஷம் பிறர் சார்பில் பேசிப் பிழைத்த மனிதர், தன் சார்பில் இரண்டு பேர் பேசுவதை, மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் நான் பதினெட்டு வருஷமாக இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் இது தலைகீழ். அங்கே மருத்துவர் நோயாளியிடம் மட்டும்தான் பேசுவார். கூட வந்தவர்கள் வெளியே உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டலாம்.

புண் வந்த கதை மயிலாப்பூரில் மட்டும்தான் நடக்கக்கூடியது. பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் அன்று பிற்பகல், அப்பா வழக்கம்போல் வெறுங்காலோடு நான்கு மாட வீதிகளையும் சுற்றினார். தார் கொதித்தது. கூட நடந்தவர்கள் நிழலுக்கு நிழல் தாவினார்கள். அப்பா மட்டும் நிதானமாக நடந்து வீடு வந்து சேர்ந்து, எனக்குப் போன் செய்தார். "எனக்குச் சுடவே இல்லை, தெரியுமோ? கபாலி அனுக்கிரகம்." எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சர்க்கரை முதலில் பாதத்தின் நரம்புகளைத்தான் மரத்துப்போகச் செய்யும் என்பதை, மருத்துவச் சாதனங்களின் கையேடுகளைத் திருத்திச் சம்பளம் வாங்கும் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. நான்காம் நாள் படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்து அண்ணாதான் கொப்புளத்தைக் கண்டுபிடித்தான்.

மூன்று முறை சுத்தம் செய்தும் புண் மூடவில்லை. கட்டைவிரலுக்கு அடியில், எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது. "கொலாஜன் ஷீட் போட்டுடலாம். கையில ஸ்டாக் இருக்கு. இந்த வாரமே போட்டா விரல் நிக்கும்னு நம்பறேன்" என்றார் மருத்துவர்.

"அது என்னது டாக்டர்?" என்றான் அண்ணா.

"புரோட்டீன் சார்."

அண்ணா தலையாட்டினான். துவரம்பருப்பு, பச்சைப்பயறு வரிசையில் அது அவன் மனத்தில் போய் உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது.

மருத்துவர் சொன்னது பொய்யில்லை. நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் இழுத்துப் பிடித்திருக்கும் புரதம்தான் கொலாஜன். ஆறும் புண்ணில் புதிய செல்கள் அதைப் பற்றிக்கொண்டுதான் ஊர்ந்து வரும். ஆறாத சர்க்கரைப் புண்ணில், உடல் போடுகிற கொலாஜனை உடலே தின்று தீர்த்துவிடுகிறது. எனவே வெளியிலிருந்து ஒரு தகடு. கோபுர வேலைக்குக் கட்டும் சாரம் மாதிரி. வேலை முடிந்ததும் இதை யாரும் அவிழ்க்க வேண்டாம், தானே கரைந்துவிடும். அந்தச் சாரம் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மருத்துவர் மேஜையில் எடுத்து வைத்த தகட்டுப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிப்பது என் தொழில். மாட்டுத் தோல்.

எனக்கு அது புதிதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் என் பல்லடியில் எலும்பு தேய்ந்தபோது, ஸ்டுட்கார்ட் பல் மருத்துவர் ஒரு படிவத்தை நீட்டி, "ரிண்ட் ஓடர் ஷ்வைன்?" என்றார். மாடா, பன்றியா? ஏதோ விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நான் சைவம் என்றேன். அவர் அதையும் கவனமாக எழுதிக்கொண்டு, "நீங்கள் இதைச் சாப்பிடப் போவதில்லை" என்று தைரியம் சொன்னார். தாடைக்குள் வைக்கும் கொலாஜன் சவ்வு எந்த மிருகத்தினுடையதாக இருக்கலாம் என்பதற்கு என் சம்மதம் வேண்டுமாம். பன்றியைவிட மாடு தெரிந்த முகமாகத் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் பல் வலி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

கிளினிக் வராந்தாவில் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு, "டாக்டர் புரோட்டீன்னார். புரோட்டீன்தான். நீ வாயை மூடிண்டு இரு" என்றான்.

"அவர் காலுடா. அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுண்டு? ஒன் ஜெர்மன் நியாயத்தை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே."

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"யார் சொன்னா?"

"பெட்டியில போட்டிருக்குப்பா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். என் தாடையிலயும் அதேதான் வெச்சிருக்கா. மூணு வருஷமாச்சு."

"மாடா?"

"மாடு."

"எந்த ஊர் மாடு?"

"அங்க ஏதோ ஒரு ஊர்."

"அது அந்த ஊர் கோர்ட் சமாசாரம். எனக்கு ஜூரிஸ்டிக்‌ஷன் இல்லை. ஆனா இது மயிலாப்பூர். நீ சொல்லாம இருந்திருந்தா பாவம் ஒனக்கும் அண்ணாவுக்கும் டாக்டருக்குமா பிரிஞ்சு போயிருக்கும். நான் நிரபராதி. இப்போ மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டியே."

"ஒங்க கால் இல்லையாப்பா?"

"கால் என்னோடதுதான். தெரியணும்னு நான் கேட்டேனா?"

சம்மதப் படிவங்களில் நான் திருத்திய எந்த வரியிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

மாடு வேண்டாமென்றால் மீன் தோலிலிருந்து எடுத்த தகடும் உண்டு என்று மருத்துவர் போனில் சொன்னார். வரவழைக்கப் பத்து நாளாகும். அது வரை காத்திருப்பது ஆபத்து. அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மீன் ஓகே. வங்காளத்துல பிராமணா சாப்பிடறா. பிரிசிடென்ட் இருக்கு, முன்னாடியே தீர்ப்பான கேஸ். காத்துண்டு இருப்போம்."

காத்திருந்தோம். எட்டாம் நாள் ஜுரம் வந்தது. எலும்பில் சீழ் இறங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் கட்டைவிரலை எடுத்தார்கள். மீன் தகட்டுப் பெட்டி மறுநாள் வந்தது.

"மாட்டு ஷீட் போட்டிருந்தாலும் விரல் போயிருக்கலாம்மா" என்றார் மருத்துவர். வழக்கம்போல் என்னிடம்தான் சொன்னார், அப்பாவிடம் அல்ல. நான் சென்னையில் பத்திரிகை வேலை பார்த்த காலத்தில் 'லாம்' என்று முடியும் வாக்கியத்தை யாராவது எழுதினால், ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்புவோம். இப்போது கேட்கவில்லை. அண்ணா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "காபி ஆறறது" என்றான்.

எஞ்சிய புண்ணில் மீன் தகடு ஒட்டிக்கொண்டது. கட்டு மாற்ற வீட்டுக்கு வரும் ஸ்டெல்லா சாந்தோம்காரர். பஞ்சை எடுத்ததும் குனிந்து பார்த்துச் சொன்னார்: "சூப்பரா கீது தாத்தா. எங்க ஊட்ல மீன் வாங்கினா ஒரே வேளைல காலி. உனுக்குப் பதினஞ்சு நாளா ஓடிக்கினு கீது!" விரல் போன பிறகு அப்பா அன்றுதான் சிரித்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காலை நீட்டி, "மீன்தான். என் பொண்ணு விசாரிச்சுச் சொன்னா" என்கிறார். அதில் பெருமை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கவும் இல்லை.

மூடிய தோல் மெல்லியது. இனி வெறுங்காலோடு ஓர் அடிகூட எடுத்து வைக்கக்கூடாது என்பது உத்தரவு. வீட்டுக்குள்ளும், சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. அப்பா எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார், பூஜை அறையைத் தவிர. செருப்போடு உள்ளே போக மாட்டார், செருப்பில்லாமல் போகக்கூடாது. எனவே நிலைப்படிக்கு வெளியே ஒரு நாற்காலி.

நான் கிளம்புவதற்கு முந்தின காலை, "விளக்கை நீ ஏத்து" என்றார். ஸ்டுட்கார்ட்டில் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நான் நடப்பதில்லை. தரை அவ்வளவு குளிர். இங்கே வெறுங்காலோடு உள்ளே போய்த் திரி போட்டு ஏற்றிவிட்டு, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் விபூதித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். அவர் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணு உள்ள போ, இல்லைன்னா வெளில வா. நடுவுல நின்னா சாமி மறைக்கறது."

நான் நின்ற இடத்திலேயே கொஞ்சம் குனிந்துகொண்டேன்.