பொருளுக்கு ஓர் ஆணி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்வைப் பற்றி எழுத, உடன்பிறந்தவள் என்று மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். மற்ற வீட்டு நினைவு மலர்களில் பிள்ளைகள் எழுதுவார்கள், மருமக்கள் எழுதுவார்கள், பேரர்கள் இரண்டு வரி சொல்வார்கள். அக்காவுக்கு அந்தப் பக்கங்கள் இல்லை. ஆகவே இந்த மலர் சிறியதாகவே இருக்கும். நான் வேலை செய்யும் அச்சகத்தில் வழுவழுப்பான தாளில் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். தாளின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அக்கா அதை எறிய மாட்டார். நீங்களும் அதில் கடைச் சாமான் கணக்காவது எழுதிக்கொள்ளுங்கள். அவர் மகிழ்வார்.

வட்டகொடை ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு வரும். அங்கே ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தின் நான்காவது காம்பராவில் அக்கா பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அம்மா கொழுந்து எடுத்தவர். எனக்கும் அக்காவுக்கும் பதினொரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இருவரும் தங்கவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் இறந்தார். அம்மா மலைக்குப் போக வேண்டும் என்பதால் அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு அவர் என்னை இறக்கி வைத்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஒரே காம்பராவில் சித்தப்பா குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர் இருந்தோம். படுக்க, சமைக்க, உடை மாற்ற, நான் படிக்க, எல்லாம் அதற்குள்தான். அக்கா அப்போதே வீட்டை ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டார். உடைந்த பலகைகளில் இருந்து துருப்பிடித்த ஆணிகளைக் கழற்றுவார். கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்திச் சுவரில் அடிப்பார். கூடைக்கு ஓர் ஆணி, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்கு ஓர் ஆணி, என் புத்தகப் பைக்கு ஓர் ஆணி, அரிக்கன் லாம்புக்கு ஓர் ஆணி. கழற்றியதும் அதனதன் ஆணியில் மாட்டிவிட வேண்டும். யாராவது ஒரு புதுச் சாமானைக் கொண்டுவந்தால் அக்கா முதலில் கேட்பது, "இதுக்கு ஆணி எங்க?" என்பதுதான். இடம் இல்லை என்றால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். அதனால்தான் ஏழு பேர் இருந்த வீட்டில் என் புத்தகத்தை விரிக்க எப்போதும் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் தரை கிடைத்தது.

பதினெட்டு வயதில் அக்கா தோட்டத்தில் பெயர் பதிந்து, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனார். அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு வீடு முழுக்க அவர் பொறுப்பானது. கவ்வாத்தில் விழுந்த மிலாறுக் குச்சிகளைச் சுமந்து வந்தால் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்றாகப் பிரித்து அடுக்குவார். தேநீருக்கு மெல்லிய விறகு, சோற்றுக்கு நடுத்தரம். பழைய சேலை முதலில் தலையணை உறையாகும். பிறகு துவாலையாகும். பிறகு பிடிதுணியாகும். கடைசியில் சாமி விளக்குக்குத் திரியாகும். தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளை ஈரமாகவே ஒன்றாக அழுத்தி உருட்டி வைப்பார். இதையெல்லாம் அவர் கஞ்சத்தனமாகச் செய்யவில்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் படி அரிசி அக்காவுடையதாக இருக்கும். ஒரு பொருளைத் தேடி எடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது, இருப்பதை வைத்துக்கொண்டு இன்னொன்றை வாங்கக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய கொள்கை.

கந்தப்பளைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் அவரைப் பெண் பார்க்க வந்தது. அந்த ஆண்டுதான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தேன். அக்கா அவர்களிடம், "தங்கச்சி பரீட்ச முடியட்டுங்க" என்றார். அவர்கள் சரி என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை. நான் பரீட்சையில் சித்தியடைந்தேன், கொழும்புக்கு வேலைக்குப் போனேன், அங்கேயே திருமணமும் செய்துகொண்டேன். அம்மா இறந்தார். சித்தப்பா குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனது. ஏழு பேர் இருந்த காம்பராவில் அக்கா தனியாக இருந்தார்.

ஏழரை ஆண்டுகளுக்கு முன்பு, விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு கண்டது. பகல் இரண்டு மணிக்கு ஆட்கள் ஒலிபெருக்கியோடு வந்து உடனே வெளியேறச் சொன்னார்கள். அடுத்த காம்பராவில் இருந்த மாரிமுத்து அண்ணன் இதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எல்லோரும் எதை எடுப்பது என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றபோது, அக்கா ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடு வெளியே வந்தாராம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு சேலை, ஒரு போர்வை, தீப்பெட்டி. பையை வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

"நான் டிவிய கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன் தங்கச்சி" என்று மாரிமுத்து அண்ணன் சொன்னார். "ஒங்க அக்கா வந்து என் கையத் தட்டிவிட்டுச்சு. 'டிவி குளுருக்குப் போத்திக்கிறதுக்கா? கம்பளிய எடுங்க, புள்ள மருந்த எடுங்க, போங்க'ன்னு சத்தம் போட்டுச்சு. அது அப்புடி சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல."

மறுநாள் காலையில் மண் சரிந்து லயத்தில் பாதி போய்விட்டது. ஓர் உயிரும் போகவில்லை.

மூன்று மாதம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஒரே வகுப்பறையில் ஒன்பது குடும்பங்கள். அக்கா சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடம் பிரித்தார். நடுவே நடக்க ஒரு வழி விட்டார். யன்னல் கம்பியில் கயிறு கட்டி ஈரத்துணிக்கு ஒரு மூலை ஒதுக்கினார். உதவியாக வந்து குவிந்த துணிமணிகளைப் பிரித்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தை மடித்துத் திருப்பி அனுப்பினார். நான் பார்க்கப் போனபோது அந்த வகுப்பறையில் சண்டைச் சத்தம் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பிறகு புதிய வீடுகளுக்குப் பெயர்ப் பட்டியல் வந்தது. எட்டுக் குடும்பங்களின் பெயர் அதில் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. விசாரிக்கப் போனபோது உடன் சென்றவரும் மாரிமுத்து அண்ணன்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே பேசினாராம்.

"அம்மா தனி ஆள்தானே? குடும்பங்களுக்குத்தான் மொதல்ல குடுக்குறோம். ஒங்களுக்கு வேற யாரும் இல்லையா?"

"தங்கச்சி இருக்காங்க ஐயா. கொழும்புல."

"அப்ப அங்க போகலாமே."

தங்கச்சி கொழும்பில் இருக்கிறாள் என்று சொன்னபோது அக்காவின் முகத்தில் பெருமை தெரிந்ததாக மாரிமுத்து அண்ணன் சொன்னார். இதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா கொழும்புக்கு வந்தார். பத்தொன்பது நாள் எங்களோடு இருந்தார். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை கொண்டது. அதில் எத்தனை சாமான் இருந்தது என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஓடாத மிக்ஸி, மூடியில்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே கிடந்த பீங்கான் தட்டுப் பெட்டி. அக்கா முதல் வாரம் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குச் செய்ய வேலை இல்லை. பேச ஆள் இல்லை. நாங்கள் காலையில் போய் இருட்டிய பிறகுதான் வருவோம்.

பதினெட்டாம் நாள் நான் வந்து பார்த்தபோது சமையலறை வேறு வீடு போல இருந்தது. அலுமாரி துடைத்து, பாத்திரங்கள் அளவு வாரியாக அடுக்கப்பட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நான் இதுவரை காணாத வெற்றிடம் ஒன்று இருந்தது. வேண்டாதவற்றை ஒரு சாக்கில் கட்டி, மாடிப்படி கூட்ட வரும் பெண்ணிடம் கொடுத்திருந்தார். பீங்கான் தட்டுப் பெட்டியும் போயிருந்தது.

"யாரக் கேட்டுக் குடுத்த?" என்றேன்.

"நீ தொறக்கவே இல்லையே பாப்பா. அந்தப் புள்ள வீட்ல தட்டே இல்லையாம்."

"இது ஒன் லயம் இல்லக்கா. என் வீடு."

அக்கா கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். "சரி பாப்பா. தப்புத்தான்" என்றார். மறுநாள் காலை ரயிலில் போய்விட்டார். எனக்கு அன்று அச்சகத்தில் அவசர வேலை. நிலையத்துக்கு என் கணவர்தான் கூட்டிப் போனார்.

திரும்பி வந்தவருக்குக் கீழ்க்கணக்கில், பழைய லயம் ஒன்றின் கடைசிக் காம்பரா காலியாகக் கிடந்தது. தோட்டத்துத் துரையிடம் கேட்டு அதில் குடியேறி மறுபடி மலைக்குப் போனார். மேல்கணக்குக்காரர்கள் எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது வீடுகளில் இருந்தார்கள். ஆறு ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். நான் அந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை போனேன். தொலைபேசியில் பேசுவோம். "நல்லா இருக்கியாக்கா?" என்பேன். "எனக்கென்ன பாப்பா, இருக்கேன்" என்பார். அந்தத் தட்டுப் பெட்டியைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் போட்ட சத்தம் அவர் மனதில் எந்த ஆணியில் தொங்கியது என்று எனக்குத் தெரியாது.

கடந்த ஆண்டு, ஓய்வு பெற்ற நான்காம் மாதத்தில், அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த செல்லம்மா அவர்கள்தான் முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்து எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் போனபோது பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரயில் ஏறியதில் இருந்து மனதில் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணிப் போத்தல கொஞ்சம் உள்ள தள்ளி வை பாப்பா. விழுந்துரும்."

தள்ளி வைத்தேன். மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன். விடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சிங்களத்தில் பேசிக்கொண்டே கடைசி வரை அக்காவின் கையைப் பிடித்திருந்த ஆஸ்பத்திரித் தாதி அவர்களுக்கு எங்கள் நன்றி. மழையையும் பாராமல் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்து அக்காவைத் தூக்கிச் சென்ற மாரிமுத்து அண்ணனுக்கும், அந்த வகுப்பறையில் அவரோடு இருந்த எட்டுக் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. வந்து அழுதவர்களுக்கும், வர முடியாமல் இருந்த இடத்திலேயே அழுதவர்களுக்கும் நன்றி.

இன்னொருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் காம்பராவைக் காலி செய்யப் போனேன். ஒரு வீட்டைக் காலி செய்ய இரண்டு நாளாவது ஆகும் என்று லீவு எடுத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எடுத்து அழவாவது இன்னும் நாலு சாமான் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அடுப்புப் பக்கம் இரண்டு கோப்பைகள் இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று வைத்திருந்தவர், கோப்பை மட்டும் இரண்டு வைத்திருந்தார். இரண்டாவது எனக்காகத்தான், என்றாவது நான் வருவேன் என்றுதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நீலக் கோப்பையை எடுத்துச் சேலையில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

செல்லம்மா அவர்கள் வாசலில் நின்றிருந்தார். என் பையைப் பார்த்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. அந்த நீலக் கோப்ப நான் குடிக்கிறதுங்க. தெனமும் வேல விட்டு வந்து அக்காவும் நானும் இங்கனதான் பிளேன்டி குடிப்போம். நீங்க வேணும்னா வச்சுக்கங்க."

வெளியே எடுத்துப் பார்த்தேன். உள்ளே, வெள்ளைக் கோப்பையில் இருந்தது போலவே, தேயிலைக் கறை ஆழமாகப் படிந்திருந்தது. கழுவி அவர் கையிலேயே கொடுத்தேன்.

செல்லம்மா அவர்களே, ஆறு ஆண்டுகள் எங்கள் அக்கா தேநீரைத் தனியாகக் குடிக்கவில்லை. இது எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்களுக்கு என் நன்றி.