திறந்ததும் வெந்நீர்

கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே என் மனைவிக்குக் கீல்வாதம் வந்துவிட்டது. காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால்தான் கூந்தலையே முடிந்துகொள்ள முடியும். அந்த வெந்நீர்த் தவலையை இறக்கவும் அதே கைதானே வேண்டும்? ஒரு மார்கழிக் காலையில் தவலை நழுவி, அவள் கால் வெந்துபோனது.

நான் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் ஃபிட்டராக இருந்தேன். நெல் அவிக்க நீராவி போகும் குழாய்களோடுதான் பிழைப்பு. முதலாளியைக் கேட்டு, கழித்துப்போட்ட குழாய்களை எடுத்துவந்தேன். தோட்டத்து அடுப்பை உயர்த்திக் கட்டி, இரும்பு டிரம்மை ஏற்றி, அங்கிருந்து குளிக்கிற கீற்று மறைப்பு வரை குழாய் இழுத்து டேப் வைத்தேன்.

அவள் டேப்பைத் திறந்து கையை நீட்டினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னா மாமா, பச்சத் தண்ணியா கீது?"

"கொயாய்ல நின்ன தண்ணி ஆறிப்போச்சுமே. கொஞ்சம் போவட்டும், சூடா வரும்."

ஒரு குடம் தண்ணீர் மண்ணில் போன பிறகுதான் சூடு வந்தது. கோடையில் எங்கள் கிணற்றில் அடிமண் தெரியும்.

"இப்டி கொட்றதுக்கு மனசு வர்ல மாமா," என்றாள். மறுநாளிலிருந்து டிரம்மில் சொம்பு சொம்பாக மொண்டு போனாள்.

டேப்புக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குழாயை டிரம்மின் அடிக்கே திருப்பிவிட்டால், சூடான தண்ணீர் மேலே போகும், ஆறியது கீழே திரும்பும், தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும், குழாயில் நின்று ஆறாது. அந்த வேலையை ஆரம்பித்த சமயத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூட்டு நோய் இருதயத்தைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். பழையசீவரத்திலிருந்து அவள் அம்மா வந்து கூட இருந்தாள். நான் மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைந்தேன், நடுவில் கிடைத்த பொழுதில் குழாய்களை இணைக்க முனைகளில் மரை போட்டேன்.

குழாய் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"தொறந்ததுமே சுடுதா?"

"தொறந்ததுமே."

"வூட்டுக்கு இட்டுக்கினு போ மாமா. தலைக்கு ஊத்திக்கினா எல்லாம் சரியாப் பூடும்."

அந்த வாரமே அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

வாடகைக் காரில் கொண்டுவந்தோம். தெருப் பெண்கள் குளிப்பாட்ட மறைப்புக்குள் எடுத்துப்போனார்கள். யாரோ அடுப்பை மூட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஐயோ, கொதிக்குதே! எங்கொயந்தைக்குச் சுடுமே, பச்சத் தண்ணி கொண்டாங்கடி!"

நானே கிணற்றில் ஒரு வாளி இறைத்து மறைப்புக்கு வெளியே வைத்தேன். அன்று வேறு என்ன செய்தேன் என்று நினைவில்லை.

காரியம் முடிந்து மாமியார் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வந்துடு நைனா, இங்க தனியா இன்னா பண்ணுவ?" என்றாள்.

மில்லில் வேலை இருக்கிறது என்றேன். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் முகத்தை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.