திறக்காமலே துடைத்த பெட்டி

எங்கள் வீட்டுக் கணினி தன் இஷ்டத்துக்கு அணைய ஆரம்பித்தபோது நான் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முப்பத்து நான்கு வருடம் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நின்றுபோன இயந்திரங்களை ஓட வைத்துவிட்டு, ஓய்வு பெற்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக் குடிவந்தவன் நான். இங்கே நிற்பதற்கென்று இருந்த இயந்திரங்கள் மிகக் குறைவு. மிக்ஸி நின்றால் மனைவி என்னிடம் சொல்லாமல் கடைக்குக் கொண்டுபோய்விடுவாள். ஏன் என்று கேட்டால், "உங்ககிட்டச் சொன்னா சட்னி அடுத்த வாரந்தானுங்க" என்பாள்.

ஆனால் கணினி அணைந்த நேரம் சரியில்லை. அப்போது அவள் அதில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

மனைவி எருமப்பட்டிக்காரி. கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் நிச்சயமாகி, படிப்பு நின்றது. நிறுத்தியவர்களில் மாப்பிள்ளை என்ற முறையில் நானும் ஒருவன். பிள்ளைகள் எல்லாம் தத்தம் வழி போன பிறகு, ஐம்பத்தாறாவது வயதில், அஞ்சல்வழியில் அதே வரலாற்றை முதலிலிருந்து தொடங்கினாள். எல்லாத் தாளும் தேறி, பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பரீட்சையை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். ஆனால் திரைக்கு மேலிருக்கும் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கைப்பேசி கூடாது. இரண்டு மணி நேரப் பரீட்சை. நாற்பத்தோராம் நிமிடம் திரை கறுத்தது.

அவள் வெளியே வந்து, "நின்னுபோச்சுங்க" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டதில் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதுவும் தடைபட்டால் அடுத்த வருடம் மறுபடி பதிவு செய்ய வேண்டுமாம்.

"அடுத்த வருசமெல்லாம் கெடையாதுங்க," என்றாள். "கல்யாணத்துக்கு ஒருக்கா நின்னுச்சு. இப்ப ஒருக்கா. மூணாவது தடவையும் நின்னா நான் புஸ்தகத்தைக் கட்டி மேல போட்டுருவேன். அப்புறம் யாரும் எங்கிட்டப் படிப்பப் பத்திப் பேசப்படாது."

அன்று மாலை பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "அம்மாவுக்கு ஒரு லேப்டாப் அனுப்பிடறனுங்கப்பா. ரெண்டே நாள்ல வந்துரும்."

"வேண்டாம். பழுது என்னன்னு தெரியாம பொருள மாத்தறது சோம்பேறி பண்ற வேலை." ஆலையில் கூட்டத்துக்குக் கூட்டம் நான் சொல்லிவந்த வாக்கியம் அது. அங்கே எதிர்த்துப் பேச யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

"அப்பா, இது உங்க பாய்லர் இல்லீங்க."

"பாய்லரையே பார்த்தவனுக்கு இது என்ன?"

மனைவி பக்கத்தில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு புது நோட்டில் கட்டம் போட்டேன். இயக்கிய நேரம், நின்ற நேரம், மின்னழுத்தம், அப்போது ஓடிய வேலை, குறிப்பு. காலையில் ஐம்பத்தொரு நிமிடம் ஓடியது. பகல் பதினொன்றுக்கு முப்பத்தெட்டு. மதியம் இரண்டரைக்குப் பத்தொன்பது. நின்றவுடன் மறுபடி போட்டால் நான்கே நிமிடம். இந்தக் கணக்கைப் பார்த்தால், வெயிலில் நடந்து வந்தவனுக்குக்கூடக் காரணம் புரியும். நான் குறிப்புக் கட்டத்தில் "மதியம் அக்கம்பக்கத்துப் பட்டறைகளால் மின்னழுத்தம் குறைகிறது போலும்" என்று எழுதினேன். பராமரிப்புத் தொழிலில் ஒரு மதம் உண்டு: பழுது எப்போதும் பக்கத்துப் பிரிவில்தான் இருக்கும். மெக்கானிக்கல்காரன் எலக்ட்ரிக்கலைச் சொல்வான், எலக்ட்ரிக்கல்காரன் மெக்கானிக்கலைச் சொல்வான், இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டோர்ஸைச் சொல்வார்கள்.

முறைப்படி மனு எழுதிக் கொடுத்து லைன்மேனை வரவழைத்தேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கரண்டு கல்லாட்டம் வருதுங்க சார். உங்க பொட்டிக்குத்தானுங்க வயசாயிருச்சு."

"வயசானா நின்னுருமா? எனக்கும்தான் வயசாச்சு."

"நீங்க நிக்காம ஓடறீங்களேன்னுதானுங்க எங்க ஆபீசுல எல்லாரும் பேசிக்கறாங்க" என்று சொல்லி மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர்கள் அலுவலகத்துக்கு அதுவரை நான் கொடுத்த மனுக்கள் எத்தனை என்பது எனக்கும் தெரியும்.

பிறகு எர்த் குழியைச் சந்தேகப்பட்டேன். கொல்லைப்புறத்தில் எர்த் கம்பி இறங்கும் குழியில் உப்பும் கரியும் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். வாழைக்கன்று ஒன்று பட்டுப்போனது. கணினி முப்பத்தாறு நிமிடத்தில் நின்றது. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன். அது முன்னைவிடச் சத்தமாகக் கத்தியது. கணினி நின்றது. யூபிஎஸ்ஸையே எடுத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகினேன். அப்போதும் நின்றது. வைரஸ் இருக்குமோ என்று முழுத் தேடல் ஓடவிட்டேன். அந்தத் தேடல் முடிய இரண்டே கால் மணி நேரம் வேண்டும். கணினி கொடுத்ததோ நாற்பது நிமிடம். ஆறு முறை ஓடவிட்டதில் முதல் மூன்றில் ஒரு பங்கில் வைரஸ் இல்லை என்பது ஐயம் திரிபற நிரூபணமானது.

மனைவி இதற்கிடையில் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கடந்து போகும்போதெல்லாம் கேட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"இது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"நேத்தும் அப்பிடித்தானுங்க சொன்னீங்க."

"ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். அதான் முறை."

"கழிச்சுக் கழிச்சு நாள்தானுங்க கழியுது. இன்னும் அஞ்சு."

ஐந்து நாள் இருக்கையில், கணினியை விற்ற சேலத்துக் கடைக்காரருக்கு வேறு வழியில்லாமல் போன் செய்தேன். அவர் ஒரே மூச்சில் சொன்னார்: "உள்ள தூசி அடைச்சிருக்கும் சார். சூடு தாங்காம ஆப் ஆகுது. சைடு கதவைக் கழட்டிப் பேன் சுத்துதான்னு பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அலமாரிக் கதவின் உட்புறத்தில் வீட்டு இயந்திரங்களுக்கான பராமரிப்பு அட்டவணையை ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், கணினி என்று வரிசை. கணினிக்கு நேரே நான்கு வேலை: வெளிப்புறம் துடைத்தல், வயர்கள் சரிபார்த்தல், உட்புறத் தூசி நீக்கல், விசிறி சோதனை. மாதா மாதம் முதல் தேதி நான்கு டிக், கீழே என் சுருக்கொப்பம். ஒரு மாதம் தவறியதில்லை.

"மாசாமாசம் உள்ள சுத்தம் பண்றேன். பதிவேடே இருக்கு" என்றேன்.

மறுமுனையில் குரல் மரியாதையாக இறங்கியது. "அப்பிடீங்களா சார்? இப்பிடி யாருமே பண்றதில்லீங்க. அப்ப மதர்போர்டுதான் போயிருக்கும். இந்த மாடலுக்கு இப்பக் கெடைக்காதுங்க. புதுசா எடுத்துக்குங்க."

ஆக, சரியான வழியில் போன ஒரே மனிதரையும் என் ஆவணத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். அடுத்த மூன்று நாள் மதர்போர்டு தேடினேன். நாமக்கல் வரை பஸ்ஸில் போய் ஒரு பழைய சாமான் கடையில், லாரி ஹாரன்களுக்கு நடுவே, அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர், "ஓடும்னு நான் சொல்லமாட்டனுங்க, ஓடாதுன்னும் சொல்லமாட்டனுங்க" என்றார். வாங்காமல் திரும்பினேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மதிப்பெண் உண்டு.

பரீட்சைக்கு முந்தின நாள் பிற்பகல். நான் மேசைக்கடியில் குனிந்து வயர்களைப் பத்தாம் முறையாகப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம், பக்கவாட்டுக் கதவை மூடும் திருகாணியின்மேல், கடைக்காரர் ஒட்டிய வெள்ளைச் சீல் இருந்தது.

"ஏனுங்க, இது எப்ப ஒட்டுனது?"

"வாங்கின அன்னிக்கு. கிழிஞ்சா வாரண்டி போயிரும்."

"வாரண்டி எத்தன வருசமுங்க?"

"மூணு."

"வாங்கிப் பதினொண்ணு ஆச்சு." அவள் விரலால் சீலைத் தடவிப் பார்த்தாள். "கிழியாம மொழுக்குன்னு இருக்குதுங்களே. அப்ப மாசாமாசம் உள்ளார எப்பிடிங்க தூசி தட்டுனீங்க? ஓட்ட வழியா ஊதுனீங்களா?"

நான் கையிலிருந்த வயரை மறுபடி சொருகினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் மாதம் டிக் போட்டபோது, வாரண்டி முடியும்வரை திறக்கக் கூடாது, அதனால் "பொருந்தாது" என்ற அர்த்தத்தில்தான் போட்டேன். மூன்று வருடம் அப்படியே போட்டதில், நான்காவது வருடம் கைக்கு அது வேலையாகவே ஆகிவிட்டது. பேனா எடுத்தால் நான்கு டிக். வெளியே துடைப்பேன், வயரைத் தொட்டுப் பார்ப்பேன், மீதி இரண்டும் தானாக நடந்துவிடும்.

ஆலையில் ஒருமுறை ஒரு வெப்பமானியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தோம். அது இருந்த இடத்தில் துணி அடைத்த ஓட்டை மட்டும் இருந்தது. ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் ஒன்பது நாள், மணிக்கு மணி, அந்த ஓட்டையின் வெப்பநிலை அறுபத்து நான்கு என்று எழுதியிருந்தார். கண்டுபிடித்தது நான். எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து, "இன்னைக்கு ஓட்டைக்குக் காய்ச்சல் எவ்வளவு?" என்று கேட்டேன். மெமோவும் கொடுத்தேன். என் பிரிவுபசார விழாவில் அதையே நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினார். நான் ஒன்பது நாளை அல்ல, பதினோரு வருடத்தை எழுதியிருக்கிறேன். எனக்கு மெமோ கொடுக்கத்தான் ஆளில்லை.

"ஸ்குரூ டிரைவர் எடுங்க" என்றாள்.

கதவைக் கழற்றினேன். தூசி என்று அதைச் சொல்ல முடியாது. பழைய தலையணையின் உள்ளே பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளிருந்த சிறிய விசிறியின் இறக்கைகளுக்கு அடியில், சூடு தணிப்பதற்கென்று வைத்த தகடுகளின் சந்துகளில், வெள்ளை வெள்ளையாக என்னவோ சிக்கியிருந்தது. மனைவி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

பொரி.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து இலை போட்டுப் படைப்பது என் பொறுப்பு. கணினிப் பெட்டியின் தலையில் இலையைப் போட்டு, பொரி கடலையைக் குவிப்பேன். தலையில் காற்று போக ஓட்டைகள் இருப்பதும் எனக்குத் தெரியும். இலைதான் இருக்கிறதே என்பது என் எண்ணம். ஆரத்தி முடிந்து இலையை எடுக்கும்போது சரிந்த பொரி எங்கே போனது என்று ஒரு வருடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க அட்டவணையில் கட்டம் இல்லை.

"பாவம், பதினொரு வருசமா வெச்சதை ஒண்ணு விடாம வாங்கி முழுங்கியிருக்குது. சாமி எடுத்துக்கறதில்ல, இதாவது எடுத்துக்கிச்சே" என்றாள் மனைவி. "கடலைகூட இருக்குதுங்க. எடுத்துக்கறீங்களா?"

மின்சாரத்தைத் துண்டித்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், பிறகு தகட்டைக் கழற்றிச் சூடு கடத்தும் புதுப் பசை தடவ வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

"மொதல்ல இதை ஊதுங்க" என்றாள்.

ஊதினேன். அவள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சந்து சந்தாகத் தள்ள, நான் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. முறத்தில் அள்ளிக் கொட்டியதைக் கோழிகூடத் திரும்பிப் பார்த்திருக்காது. மாலையில் கணினியைப் போட்டு, இருவரும் எதிரே உட்கார்ந்தோம். நாற்பத்தொன்று தாண்டியது. அவள் எழுந்து போய்க் காபி போட்டாள். இரண்டு மணி நேரம் தாண்டியபோது, நோட்டில் எழுதலாமா என்று எனக்குக் கை அரித்தது. நோட்டை அவள் அதற்குள் எடுத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்பதால் நான் போர்ட்டிகோவில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது. நாற்பத்தொன்று. கதவு திறக்கவில்லை. எழுபதாம் நிமிடம் உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு எழுந்து நின்றேன். ஒன்றுமில்லை. பிறகு மறுபடி உட்காரவே தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தாள். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. டேபிள் ஃபேனை அவள் தனக்கு வைக்காமல் பெட்டிக்கு வைத்திருந்திருக்கிறாள்.

"முடிச்சிட்டனுங்க," என்றாள். "கடைசிக் கேள்விகூட எழுதிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

"சாமி, பரீட்ச நல்லா எழுதிட்டேன். அந்த லேப்டாப்ப அனுப்பு. எம்.ஏ. சேரப் போறேன்… ஆமாம், அப்பா வேண்டாம்னாரு. என்னைய யாரு கேட்டா? அன்னிக்கு நான் அங்கதான அவரைக்கா நறுக்கிட்டு இருந்தேன்."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குக் கேட்கும்படி பேசினாள், அவ்வளவுதான்.

தேர்வில் தேறினாள். லேப்டாப் வந்தது. பழைய கணினி இப்போது எனக்கு மட்டும். முதல் தேதிகளில் கதவைக் கழற்றித்தான் துடைக்கிறேன். லேப்டாப்புக்கும் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கிறேன் என்றபோது, "அதுக்கு நான் இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டாள். இந்த ஆயுத பூஜைக்கு அதன் மூடியின் ஓரத்தில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தாள். பொரித் தட்டைத் தரையில், மூன்றடி தள்ளி வைத்தாள். தட்டை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கவில்லை.