பெட்டகத்தில் பதிந்த பெருவிரல்

சின்னராசாவின் பட்டறையில் வேலை செய்யும் அருளையா படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றான். தலையிலும் புருவத்திலும் முதிரை மரத்தூள் மஞ்சளாய்ப் படிந்திருந்தது.

"ஆச்சி, மிசினை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்றான்.

பட்டப்பகலில் அந்த மிசின் நிற்பதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கிவிட்டது. கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகத்துக்கு நானும் எழுதவேண்டும் என்று சின்னராசாவின் மனைவி கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் பேத்தியிடம் சொல்லி எழுதுவிக்க மனம் வரவில்லை. இது என் கையால் எழுதவேண்டியது.

சின்னராசா என் கணவரின் தம்பி. கிளிநொச்சியில் கதிரையோ அலுமாரியோ செய்வித்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மரம் தேய்க்கிற மிசினை அவர் கொழும்பிலிருந்து இறக்கியபோது, ஜெனரேற்றர் சத்தத்துக்கு ஊர்ச் சனம் கூடிவிட்டது. மண்கடதாசி வார்போலச் சுற்றிச் சுற்றி ஓடும். "மிசின் ஒரு இடத்திலே நிக்கக்கூடாது மச்சாள், நிண்டா மரத்தைத் தின்னும்" என்பார். தேய்த்த பலகையைக் காட்டும்போது, "கண்ணாலே பாக்காதேங்கோ, தடவிப் பாருங்கோ" என்பார். யார் வந்தாலும் தடவிப் பார்க்க வைக்காமல் விடமாட்டார். அவ்வளவு பெருமை.

எங்கள் வீட்டு நெல் பெட்டகம் முதிரை மரம். கிளிநொச்சிக்குக் குடியேற்றத்துக்கு வந்தபோது என் மாமி, சின்னராசாவின் தாய், வண்டிலில் ஏற்றிவந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் நெல் அறுத்துப் புதிர் எடுக்கிற அன்று, அரிசிமாவும் மஞ்சளும் குழைத்து, மாமி அதன் முன்பலகையில் உள்ளங்கையைப் பதிப்பார். விளக்குப் புகையும் எண்ணெயும் பட்டு, கைக்கு மேல் கையாய் அந்தப் பலகை கறுத்துப்போயிருந்தது. மாமி போனபிறகு நான் பதித்தேன்.

பேத்தியின் கலியாணப் பேச்சு நடந்தபோது, கூறைச்சேலை பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தேன். திரும்பி வந்தால், விறாந்தையில் பெட்டகம் பொன்போல நிற்கிறது. சின்னராசா அதைப் பட்டறைக்கு ஏற்றிப்போய், பருமன் மண்கடதாசியால் தேய்த்து, தண்ணீர் தொட்டு நார் எழுப்பி, மறுபடி நைசுக் கடதாசியால் தேய்த்து, அரக்குப் பொலிஷ் போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

அவர் முற்றத்தில் நின்று நிமிராமல் சொன்னார்: "மச்சாள், பிழை செய்துபோட்டன். யோசியாமல் மிசினை வைச்சிட்டன். அம்மாவின்ர கை போச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்தில் வாயடைத்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். எனக்கோ அந்தப் பளபளப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாய் வந்து, "முகம் பாக்கலாம் போல கிடக்கு" என்று தடவியபோது நெஞ்சு நிறைந்துபோனது. மாமியை அப்போது நான் நினைக்கவே இல்லை. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதன்பிறகு புதிருக்கு அந்தப் பெட்டகத்தில் யாரும் கை பதிக்கவில்லை. பொலிஷ் கெட்டுவிடும் என்று நானே மறித்தேன்.

சின்னராசா வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெட்டகத்தின் மேல்மூலையில் தன் சால்வையைப் போட்டுவிடுவார். பொலிஷ் காய முதல் தொட்டுப் பார்த்ததில் அவருடைய பெருவிரல் அங்கே பதிந்திருந்தது. "இதை எண்டாலும் திரும்பத் தேய்ச்சுத் தாறன், மச்சாள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பார்ப்போம் என்று நானும் கடத்திக்கொண்டே இருந்தேன்.

நெஞ்சு வருத்தம் கண்டு இருமத் தொடங்கியபிறகு ஒருநாள் வந்தார். தோளிலிருந்து சால்வையை எடுத்துப் பெட்டகத்தின் மூலையில் போடப்போனவரை மறித்தேன்.

"கொழுந்தனார், இரும். அந்தக் கறுப்பை எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை. மாப்பிள்ளை வீட்டு யாழ்ப்பாணத்துச் சனம் வந்து பாக்கப்போகுது எண்டு வெக்கமாய்க் கிடந்தது. நீர் தேய்ச்சது எனக்குச் சந்தோஷம்."

அவர் என்னையே பார்த்தார். இருமினார். பிறகு சிரித்துவிட்டார்.

"அப்ப நானும் சொல்லுறன். யோசியாமல் தேய்ச்சது எண்டது பொய் மச்சாள். எனக்கும் அதே வெக்கம்தான். அம்மாவின்ர கை எண்டு தெரிஞ்சுதான் மிசினை வைச்சனான்."

"அட பாவி!"

"நீங்கள் மட்டும் என்னவாம்?"

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. பெற்ற தாயின் கையை மகனும், சோறு போட்ட மாமியின் கையை மருமகளும், நாலு பேர் பார்வைக்காக அழித்துவிட்டோம். அவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பெருவிரலைத் தேய்க்கட்டோ?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்தப் பெருவிரல் இருக்கிறது. வெயில் சாய்ந்து விறாந்தையில் விழும்போது அதன் ரேகைகூடத் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். வருகிற புதிருக்கு மாவும் மஞ்சளும் குழைத்து, அதற்குப் பக்கத்திலே என் உள்ளங்கையைப் பதிக்கப்போகிறேன். பொலிஷ் போகுது ஆச்சி என்று பேத்தி கத்துவாள். கத்தட்டும்.